சொந்த ஊர் எது?

ஆண்டுதோறும் திருக்காட்சித் திருநாளையொட்டி வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போது பங்கின் குடும்பப் பதிவேட்டையும் கையோடு எடுத்துச் செல்வது என் வழக்கம். குடும்பத் தலைவரின் பெயர், திருமுழுக்குப் பெற்ற இடம், செய்யும் தொழில் ஆகியவற்றுக்கு அடுத்து, 'சொந்த ஊர்' என்று ஒரு பத்தி அதில் உண்டு. அந்த ஒரு பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து வந்தால் திருப்பூரின் வரலாற்றையே படித்ததுபோல் இருக்கும். பழைய தாள்களில் கருமத்தம்பட்டி, கோவை என்று அருகிலுள்ள ஊர்களே காணப்படுகின்றன. சில தாள்களைப் புரட்டினால் இராயப்பன்பட்டி, திண்டுக்கல், சிவகங்கை, வடக்கன்குளம் என்று தெற்கு நோக்கிப் போகிறது பட்டியல். கடைசித் தாள்களிலோ சிம்டேகா, கும்லா, சுந்தர்கர் என்ற பெயர்கள். சார்க்கண்டிலும் ஒடிசாவிலும் உள்ள மாவட்டங்கள் அவை. எழுதும்போது எனக்கே எழுத்துப் பிழை வந்துவிடுகிறது.

அப்படி ஒருமுறை நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் தேனிப் பக்கத்திலிருந்து இளைஞராக வந்து, டெய்லராக உழைத்து, இன்று நான்கு லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரராக இருப்பவர். அவற்றுள் ஒன்று காலியாகக் கிடந்தது. பேச்சு அதைப் பற்றித் திரும்பியது. "யார் கேட்டாலும் கொடுப்பேனுங்க சாமி. வடக்கத்திக்காரங்களுக்கு மட்டும் விடமாட்டேன். யாரு எவருன்னே தெரியாதுங்களே" என்றார் அவர். அடுப்படியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "நாம வந்தப்ப நம்மளை யாருக்குத் தெரிஞ்சுதாம்? தெக்கத்திக்காரங்கன்னு சொல்லி ஆறு வீட்டுல கதவைச் சாத்தலையா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மையாரின் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மக்கள் இடம்பெயர்வது ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வளர்க்கிறதா, அரிக்கிறதா? அதன் பண்பாட்டைக் கெடுக்கிறதா, செழிக்கச் செய்கிறதா? அதன் பாதுகாப்புக்கு ஊறு செய்கிறதா? இக்கேள்விகள் இன்று உலகெங்கும் தேர்தல் மேடைகளில் முழங்குகின்றன. நமக்கு அவை மேடைப் பேச்சு அல்ல, வாசற்படிக் கேள்வி. ஆகவே நம் ஊரின் வரலாற்றிலேயே அவற்றுக்கு விடை தேடிப் பார்ப்போம்.

நொய்யற்கரையின் பழைய விருந்தினர்

அந்நியர் வருகை நம் நிலத்துக்குப் புதிதன்று. திருப்பூரின் ஊடே ஓடும் அதே நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று அணிகலன்களுக்காகப் பேர் பெற்ற ஊர் அதுவே என்பர். 1985 ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில், மணிகளை அறுத்து மெருகேற்றிய தொழிற்கூடங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அப்பெயர்களுள் சில தமிழ்ப் பெயர்கள் அல்ல. வடபுலத்துப் பிராகிருதப் பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வடக்கிலிருந்து வணிகரும் கைவினைஞரும் இக்கரைக்கு வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அவ்வோடுகள் சான்று.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையும், வேற்று மொழி பேசும் பல நாட்டு மக்கள் அந்நகரில் கலந்து இனிதே வாழ்ந்ததை அதன் பெருமையாகவே சொல்கிறது. நாட்டுக்கு இலக்கணம் வகுக்கும் வள்ளுவரோ, பிற நாடுகளின் சுமையெல்லாம் ஒருசேரத் தன்மேல் வந்து விழும்போதும் அதைத் தாங்கிக்கொண்டு, தன் அரசுக்குரிய இறையையும் குறைவின்றிச் செலுத்துவதே நாடு என்கிறார். அவர் அதனைச் 'சுமை' என்றே கருதுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வருவோரைத் தாங்குவது எளிது என்று அவர் சொல்லவில்லை. தாங்கும் வலிமை உடையதே நாடு என்கிறார்.

பருத்தியும் கதரும் பனியனும்

சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862 இல் முற்றுப்பெற்றபோது திருப்பூர் ஒரு சிற்றூர். கொங்கு நாட்டின் கரிசல் நிலத்துப் பருத்தி அந்நிலையத்தில் வந்து குவிந்தது. அரவை ஆலைகளும் பருத்தி வணிகரும் தொடர்ந்து வந்தனர். 1920களில் கதர் இயக்கத்தின் முதன்மை மையங்களுள் ஒன்றாகத் திருப்பூர் விளங்கியது. 1932 சனவரியில் கொடியைக் கையில் ஏந்தியபடி அடிபட்டு உயிர்நீத்த குமரனை நாம் 'திருப்பூர் குமரன்' என்றே அழைக்கிறோம். ஆனால் அவர் பிறந்தது சென்னிமலையில். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தவர் அவர். ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட அந்தத் தியாகியும் வந்தேறியவர்தாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1920களிலும் 1930களிலும் முதல் பின்னலாடைக் கூடங்கள் தோன்றின. அவற்றை நிறுவிய முன்னோடிகளுள் இசுலாமிய வணிகக் குடும்பத்தாரும் இருந்தனர். காதர்பேட்டை என்ற பெயரே அக்காலத்தின் நினைவுச் சின்னம். நாடு விடுதலை பெற்ற பின்னர் மழை பொய்த்து, கிணறுகள் வற்ற, சுற்றுப்புறக் கிராமங்களின் உழவர் குடும்பத்து இளைஞர்கள் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தனர். அவர்களுள் பலர் பத்து இருபது ஆண்டுகளில் தாமே முதலாளிகளாயினர். இன்று 'உள்ளூர்க்காரர்' என்று நாம் சொல்லும் பெருமக்களுள் கணிசமானோர் அவ்வாறு ஏரை விட்டு எந்திரத்துக்கு இடம்பெயர்ந்தவர்களே. தூரம் குறைவு என்பதால் அதை நாம் இடப்பெயர்ச்சி என்று எண்ணுவதில்லை.

1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வாங்குவோர் வந்தனர். உள்ளாடை தைத்த ஊர் உலகத்துக்கு மேலாடை தைக்கத் தொடங்கியது. 1980களின் நடுவில் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2021-22 ஆம் ஆண்டில் முப்பதாயிரம் கோடியைத் தாண்டியது. 1951 இல் ஏறத்தாழ 52 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரில், 1991 இல் 2 இலட்சத்து 35 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2011 கணக்கெடுப்பில், சுற்றுப்புறங்களையும் சேர்த்த நகரத் தொகுதியின் மக்கள் தொகை 9 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்தது. இப்பெருக்கம் தொட்டிலில் வளர்ந்தது அன்று. பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் வந்து இறங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், நெல்லை, தஞ்சை என எல்லாத் திசைகளிலிருந்தும் துணிப்பையும் தகரப்பெட்டியுமாக மக்கள் வந்தனர். 2000க்குப் பின் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, வங்காளம், அசாம், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலத்தார் வந்தனர். தோட்டமும் துரவுமாகத் தனி ஊராட்சியாய் இருந்த நெருப்பெரிச்சல் 2011 இல் மாநகராட்சியோடு இணைந்தது. சோளம் விளைந்த காடுகளில் இன்று லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

வரவும் செலவும்

ஏன் வடக்கிலிருந்து வருகிறார்கள்? பலரும் நினைப்பதுபோல் அங்கே வறுமை இருப்பது மட்டும் காரணமன்று. இங்கே ஆள் குறைந்துவிட்டதும் காரணம். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8, பீகாரில் 3. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை அப்படியே நிலைநிறுத்த 2.1 தேவை. நம் வீட்டில் ஒரே பிள்ளை. அப்பிள்ளையும் பொறியியல் கல்லூரியில். ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்வது யார்? செக்கிங், அயர்ன், பேக்கிங் வேலைகளுக்கும் சாயப்பட்டறையின் வெப்பத்துக்கும் யார் வருவார்கள்? வடக்கத்தியத் தொழிலாளி நம் பிள்ளையின் வேலையைப் பறித்துக்கொண்டான் என்று சொல்லும் முன்பு, அந்த வேலைக்கு நம் பிள்ளையை அனுப்ப நாம் ஆயத்தமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனினும் உள்ளூர்த் தொழிலாளியின் மனக்குறையை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவதும் நீதியாகாது. 1984 இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுப்பு எரியாத அந்த நான்கு மாதங்களைத் தாங்கிப் பெற்ற உரிமைகள் அவை. அதன் பின் உற்பத்தி சிறு சிறு ஜாப் ஒர்க் கூடங்களாகச் சிதறியது. சங்கமும் கம்பெனியும் கூடிப் பேசி முடிவு செய்யும் கூலி, இடைத்தரகர் வழியே வந்து விடுதியில் தங்க வைக்கப்பட்ட தொழிலாளிக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவருக்கு மொழி தெரியாது, சட்டம் தெரியாது, வேறு போக்கிடமும் இல்லை. அந்த இயலாமையைப் பயன்படுத்தி அவருக்குக் குறைத்துக் கொடுக்கும்போது, அருகிலிருக்கும் தேனிக்காரரின் கூலியும் சேர்ந்தே குறைகிறது. கூலியைக் குறைப்பவர் வந்தவர் அல்லர். வந்தவரின் இயலாமையை விலை பேசுபவரே.

செலவுக் கணக்கில் எழுத வேண்டியவை இன்னும் உண்டு. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் டெய்லருக்குக் கைமடியாக உட்கார்ந்த காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மூன்றாண்டு முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லித் தென்மாவட்டத்து ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்த 'சுமங்கலித் திட்டம்' நம் காலத்தின் வெட்கம். சாயக்கழிவால் நொய்யல் செத்தது. உழவர்க்காக 1992 இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆற்றைக் கெடுத்தது வந்தேறிகளின் கூட்டம் அன்று. நம் ஆசையின் வேகம். ஆனால் பட்டறைகள் மூடியபோது முதலில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் வந்தேறிகளே.

நாம் அந்நியராய் இருந்தபோது

இடப்பெயர்ச்சியால் ஒரு நாடு அடையும் நன்மையையும் அந்நாடு இழைக்கக்கூடிய அநீதியையும் ஒருங்கே காண வேண்டுமானால், நாம் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போன கதையை நினைவுகூர வேண்டும். 1830கள் முதல் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். தென்தமிழகத்தின் பஞ்சம் பட்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869 இல் இலைநோய் கண்டு காப்பி அழியத் தொடங்கியதும் தேயிலை வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அத்தீவின் பெரும் ஏற்றுமதிச் செல்வத்தை நம் பெண்களின் விரல்கள் கிள்ளிக் கொடுத்தன.

தோட்டங்களில் கணக்குக்குக் குறைவில்லை. இன்று எத்தனை இராத்தல் கொழுந்து, முன்பணக் கடன் எவ்வளவு பாக்கி என்றெல்லாம் நாள்தோறும் எழுதினார்கள். கழுத்தில் மாட்டிய தகரத் துண்டில் எண் இருந்தது. ஆனால் 1948 இல் இலங்கை விடுதலை பெற்று, தன் குடிமக்கள் யார் என்று சட்டம் இயற்றியபோது அவர்களின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சாத்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஏறத்தாழ 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. பிறந்த மலையையன்றி வேறெதையும் காணாத மக்களை இரு அரசுகள் எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களுக்காக 1968 இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கும் அவர்கள் 'சிலோன்காரர்' ஆயினர். அங்கே தமிழர், இங்கே சிலோன்காரர். அவர்களின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்க வருகிறார்கள். இலங்கையில் நாடற்றவராய் எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலும் முடிவு கண்டது. அதற்கு 55 ஆண்டுகள் ஆயின! அந்த நீண்ட காலத்தில் இலங்கை எதைப் பெற்றது? சொந்த மண்ணில் வாக்கில்லாத ஒரு மக்கள் கூட்டத்தையும் ஆறாத ஒரு மனப்புண்ணையும் பெற்றது. அந்நியரை வெளியே நிறுத்தினால் நாடு பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

இன்று நம்மிடம் வரும் சார்க்கண்டுப் பழங்குடி மக்களுக்கும் இதே கதை உண்டு. நாம் இலங்கைக்குப் போன அதே நூற்றாண்டில் சோட்டாநாகபுரி மலைகளிலிருந்து அவர்களின் முன்னோர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரே பானம், ஒரே வெள்ளை முதலாளி, இரு வேறு மலைகள். நெருப்பெரிச்சலின் லைன் வீட்டுச் சுவர் ஒன்றின் இரு பக்கங்களில் இன்று குடியிருக்கும் இரு குடும்பங்களின் பாட்டன்மார் ஒரே வகைக் கூடையைச் சுமந்திருக்கலாம். இது அவர்களுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

பண்பாடு என்னும் பாய்

வந்தவர்களால் நம் பண்பாடு அழிந்துவிடும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஞாயிறு மாலையில் காதர்பேட்டைப் பக்கம் போனால் காதில் விழும் மொழிகளைக் கேட்டு மூத்தோர் திகைக்கிறார்கள். ஆனால் இன்று திருப்பூரில் பேசும் தமிழையே சற்றுக் கவனித்துப் பாருங்கள். கொங்கின் 'ங்க' மதுரைக்காரரின் வாயில் ஏறிவிட்டது. மதுரையின் பரோட்டாக் கடை கொங்கின் தெருமுனையில் ஏறிவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே காலியாகித் தெற்கு நோக்கிப் பேருந்துகள் பறப்பதும், விடுமுறை முடிந்து அரிசி மூட்டையும் கருவாடுமாக அவை திரும்புவதும் இவ்வூரின் வழக்கங்களாகவே ஆகிவிட்டன. பண்பாடு கோரைப்பாய் போன்றது. ஒரே கோரையால் அதை நெய்ய முடியாது. ஊடும் பாவும் வேண்டும்.

ஆனால் நெசவு தானாக நிகழாது என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய வலியை மருத்துவருக்குத் தெளிவான தமிழில் எடுத்துச் சொன்னது அவருடைய எட்டு வயது மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் மூன்றாம் வகுப்புப் படிப்பதாகச் சொன்னாள். அங்கே தமிழ் அழியவில்லை. ஓர் ஒடியக் குடும்பத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதைச் செய்தது ஒரு பள்ளிக்கூடம். அதே லைனில் பள்ளிக்குச் செல்லாமல், தம்பியைக் கவனித்துக்கொண்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால் வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்தாண்டுகள் கழித்து அவர்கள் இவ்வூருக்கு என்னவாக இருப்பார்கள் என்பது இன்று நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

யாருடைய பாதுகாப்பு?

இனி, பாதுகாப்பு என்னும் கடினமான கேள்விக்கு வருவோம். ஓர் அரசு தன் எல்லைக்குள் யார் வாழ்கிறார்கள் என்று அறிந்திருப்பது அதன் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. 2025 சனவரியில் பல்லடம் பகுதியில் உரிய ஆவணங்களின்றித் தங்கியிருந்த வங்கதேசத்தவர் பலர் கைதானார்கள். சட்டம் தன் வேலையைச் செய்வதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டில் நாட்டின் வேறு சில பகுதிகளில், வங்காள மொழி பேசினார்கள் என்பதற்காகவே இந்தியக் குடிமக்களான ஏழைத் தொழிலாளர்களும் வெளிநாட்டவர் என்ற ஐயத்தில் பிடித்து வைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஐயத்துக்கு ஆவணம் தேவையில்லை; முகமும் மொழியும் போதும் என்றாகிவிடுகிறது.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் ஊரில் நடந்ததை மறக்க முடியுமா? சனவரியில், ஒரு தேநீர்க் கடைப் பூசலில் தொடங்கிய அடிதடியின் காணொளி பரவியபோது, வடமாநிலத்தவர் தமிழரைத் துரத்துகிறார்கள் என்று இங்கே கொதித்தார்கள். மார்ச்சில் காற்று திசை மாறியது. வேறு மாநிலத்தில் வேறு காரணத்துக்காக நடந்த கொலையின் காட்சியும், தமிழர் இருவருக்கிடையே நடந்த மோதலின் காட்சியும் தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்யோடு பீகார் வரை பறந்தன. அச்சமுற்றவர்கள் இரயில் நிலையத்தில் குவிந்தார்கள். காவல்துறை இந்தியில் அறிவிப்புச் செய்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து நேரில் விசாரித்தது. பொய் என்பது தெளிவாயிற்று.

அந்நாள்களில் கூடையும் பையுமாகக் கிளம்பிய ஓர் இளைஞரிடம், "உங்களை யாராவது அடித்தார்களா?" என்று மொழி தெரிந்த ஒருவர் வாயிலாகக் கேட்டேன். இல்லை என்றார். "பின் ஏன் போகிறீர்கள்?" ஊரிலிருந்து அம்மா அழுகிறாள் என்றார். "பக்கத்து வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கலாமே?" அவர் சற்று யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றார். இரண்டு ஆண்டுகளாக அங்கே குடியிருந்தவர் அவர். 'யார் எவர் என்றே தெரியாது' என்று வீட்டுக்காரர் சொன்ன அதே சொற்களை இப்போது மறுபக்கத்திலிருந்து கேட்டேன். பொய் பரவியது கைப்பேசியால். அது வேர்கொண்டதோ இந்த அறியாமையில்தான்.

இதே பாடத்தை 2020 இன் பொதுமுடக்கமும் கற்பித்தது. மார்ச் 25 அன்று நாடு நின்றபோது, எந்த ஊரில் எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கிறார்கள் என்ற முழுக்கணக்கு எவரிடமும் இல்லை. மே முதல் நாள் தெலுங்கானாவிலிருந்து சார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் சிறப்பு இரயில் புறப்படும் வரை, நெடுஞ்சாலைகளே அவர்களுக்கு இருப்புப்பாதை ஆயின. வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு இல்லை என்றே அரசு விடையளித்தது. 1979 ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் ஒன்றை ஒப்பந்தக்காரர் தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. உச்சநீதிமன்றம் வலியுறுத்திய பிறகே, 2021 ஆகஸ்டில், முறைசாராத் தொழிலாளர்களின் பெயரைப் பதியும் இ-ஷ்ரம் தளம் தொடங்கியது. பழைய சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறுவது பெரிதன்று. தொழிலாளியின் பெயர் ஏறுவதே பெரிது.

ஆகவே நம் வரலாறு சொல்லும் பாடம் இதுதான். ஒரு நாட்டுக்கு ஆபத்து, வருகின்றவரால் மட்டும் வருவதில்லை. வந்தவரின் வியர்வையைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு பெயரை ஏற்றாமல் விடுவதால் வருகிறது. பெயர் பதியாத தொழிலாளிக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம். அதனால் உள்ளூர்க்காரரின் கூலியும் சரிகிறது. பெயர் பதியாத பிள்ளை பள்ளிக்கு வராது. அதனால் பண்பாடு நெய்யப்படாமல் நூலாகவே தொங்குகிறது. பெயர் பதியாத கூட்டத்துள் குற்றவாளியும் எளிதில் ஒளிந்துகொள்கிறான். அதனால் குற்றமற்றவர் எல்லாரும் ஐயத்துக்கு ஆளாகிறார்கள். பொருளாதாரம், பண்பாடு, பாதுகாப்பு என்று நாம் மூன்றாகப் பேசுவது முடிவில் ஒன்றுதான்.

அரசு பதியும் பெயர் ஒன்று. அண்டை வீட்டார் அறியும் பெயர் மற்றொன்று. முன்னதை அரசிடம் கேட்டுப் பெறுவோம். பின்னதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. கம்பெனி வைத்திருப்போர் தம்மிடம் வேலை செய்பவரைத் தரகரின் பட்டியலில் உள்ள எண்ணாக அன்றி, ஊதியச் சீட்டில் பெயராக எழுதலாம். வாடகைக்கு விடுவோர் அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொள்வதோடு, 'எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி' என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எகிப்துக்குப் போன ஒரு குடும்பத்தை நாம் நாள்தோறும் வணங்குகிறோம். அக்குடும்பத்துக்கும் அந்நிய ஊரில் யாரோ ஒருவர், யார் எவர் என்று தெரியாமலே, வாடகைக்கு ஓர் அறை கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரரின் காலி வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு மாதம் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். "சாமி, சிம்டேகாவோ என்னவோ சொல்றாங்க, நம்ம கோயிலுக்கு வர்ற ஆளுங்கதான். குடி வெச்சுட்டேனுங்க. பேரைப் பதிவேட்டுல எழுதிக்குங்க" என்றார். அன்று மாலை அவ்வீட்டுக்குச் சென்று பெயர்களை எழுதிக்கொண்டேன். 'சொந்த ஊர்' என்ற பத்திக்கு வந்ததும், அந்த வீட்டின் சிறுவனிடம் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்று இந்தி தெரிந்தவர் மூலம் கேட்டேன். அவனோ தமிழிலேயே விடை சொன்னான்: "நெருப்பெரிச்சல்."

அவன் அப்பா திருத்த முயன்றார். நான் அவன் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.